வரலாற்றுக் கேள்வி–பதில்: பட்டியல் எழுதியவர்களும் ரயில் ஏற்றியவர்களும்

பாசிச, நாஜி ஆட்சிகளின்கீழ் ஐரோப்பிய யூதர்கள் அழிக்கப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நீலகிரியிலிருந்தும் பழனி மலை ஊர்களிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம். சில கேள்விகளுக்குப் பதில் நீளும். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

கே: யூதர்களைக் கொன்றது ஹிட்லரின் ஜெர்மனிதான், முசோலினி சர்வாதிகாரியாக இருந்தாலும் யூதர்களைத் தொடவில்லை, கடைசியில் ஜெர்மானியர்கள் நுழைந்துதான் எல்லாம் கெட்டது என்று படித்தேன். சரியா? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கோத்தகிரி

ப: பாதி சரி. 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை இத்தாலியைக் கைப்பற்றும்வரை அங்கிருந்து கொலைமுகாமுக்கு ரயில் போகவில்லை. குரோஷியாவிலும் தென்கிழக்கு பிரான்சிலும் இத்தாலிய ராணுவத்தின் பிடியில் இருந்த பகுதிகளில், ஜெர்மானியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் அதிகாரிகள் யூதர்களை ஒப்படைக்கவில்லை. ஆனால் இத்தாலியில் யூதர் யார், எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தது முசோலினியின் அரசுதான்.

1922இல் அவர் ஆட்சிக்கு வந்தபோது யூதர்களிலும் பாசிசக் கட்சியினர் இருந்தார்கள். தூரின் நகர வங்கியாளர் எத்தோரே ஒவாட்ஸா பாசிசத்துக்காகப் பத்திரிகையே நடத்தினார். (1943 அக்டோபரில் அவரையும் மனைவி மக்களையும் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையினர் கொன்றார்கள்.) திருப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எத்தியோப்பியா கண்ணில் படுகிறது. 1935–36இல் அந்த நாட்டைப் பிடித்ததும், இத்தாலியர் ஆப்பிரிக்கரோடு குடும்பம் நடத்தக் கூடாது என்று 1937இல் சட்டம் போட்டார்கள். இனத்தைச் சட்டத்தில் எழுதும் பழக்கம் அங்கே தொடங்கி, மறு ஆண்டே உள்நாட்டுக்கு வந்தது.

1938 ஜூலை 14இல், யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்களல்ல என்று சொன்ன 'இன அறிக்கை' பத்திரிகையில் வெளியானது. ஆகஸ்ட் 22இல் யூதர்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு. பெற்றோரில் ஒருவராவது யூதராக இருந்தவர்கள் 58,412 பேர். அவர்களில் யூதர் என்றே வகைப்படுத்தப்பட்டவர்கள் 46,656 பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர். செப்டம்பர் 5இல் யூத ஆசிரியர்களும் மாணவர்களும் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நவம்பர் 17 சட்டத்தில் கலப்புத் திருமணத் தடை, அரசு வேலைத் தடை, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உச்சவரம்பு, யூதர் வீட்டில் 'ஆரியர்' (அதாவது யூதரல்லாத வெள்ளையர்) வேலைக்கு இருக்கக் கூடாது என்ற விதி எல்லாம் வந்தன. இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் மனைவி யூதர். அந்த டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன குடும்பம் இத்தாலிக்குத் திரும்பாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அதற்குப் பிறகு சட்டம்கூடத் தேவைப்படவில்லை. சுற்றறிக்கையே போதுமாக இருந்தது. யூதர் தெருவில் கூவி விற்கக் கூடாது, பழந்துணி சேகரிக்கக் கூடாது, ரேடியோ வைத்திருக்கக் கூடாது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் வரக் கூடாது. பத்திரிகையில் மரண அறிவிப்பு போடக் கூடாது. பெயர்பெற்ற விடுமுறைத் தலங்களுக்குப் போகக் கூடாது. ரோமின் ஏழை யூதர்கள் பழந்துணியும் தெரு வியாபாரமும் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் அடுப்பில் அன்றே பூனை தூங்கியது. இவற்றில் ஒன்றுக்கும் பெர்லினிலிருந்து உத்தரவு வரவில்லை.

1943 அக்டோபர் 16, சனிக்கிழமை விடியற்காலையில் 365 ஜெர்மன் காவலர்கள் ரோம் நகரை 26 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு கதவைத் தட்டினார்கள். கையில் பெயரும் முகவரியும். தட்டிய வீட்டில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். அதிலே ஆறு குறிப்புகள்: குடும்பத்தோடு இடம் மாற்றப்படுவீர்கள், குறைந்தது 8 நாளுக்கு உணவு, ரேஷன் அட்டை, அடையாள அட்டை, குடிக்கத் தம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், சிறு பெட்டியில் துணிமணி, போர்வை, பணம், நகை கொண்டுவரலாம், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவாருங்கள், நோயாளிகள், எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும், பின்தங்கக் கூடாது, முகாமில் மருத்துவமனை இருக்கிறது, இந்தச் சீட்டைப் பார்த்த 20 நிமிடத்தில் புறப்படத் தயாராக இருக்க வேண்டும்.

தம்ளர் எடு, சாவி எடு என்பதைப் படித்தால் எங்கோ போய்க் குடியிருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்பதற்காகவே எழுதிய சீட்டு அது. பணமும் நகையும் கொண்டுவரச் சொன்னது, வீட்டில் தேடும் வேலை மிச்சமாகட்டும் என்பதற்காக. பிடிபட்டவர்கள் 1,259 பேர். யூதரல்லாதவர்களையும் கலப்புக் குடும்பத்தினரையும் விடுவித்தபின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அக்டோபர் 18இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். போய்ச் சேர்ந்ததும் 149 ஆண்களையும் 47 பெண்களையும் வேலைக்கென்று பிரித்துவிட்டு மற்றவர்களை நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் 16 பேர். 200க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

நவம்பர் 30இல், ஜெர்மானியர் தயவில் வடக்கே நடந்த முசோலினியின் புதிய அரசே எல்லா யூதர்களையும் முகாமில் அடைக்கவும் சொத்தைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிட்டது. அதன்பின் கைதுகளில் கணிசமான பங்கைச் செய்தவர்கள் இத்தாலியப் போலீசாரும் பாசிசப் படையினரும்தான். ஐந்தில் நான்கு யூதர்கள் தப்பினார்கள் என்றால் அக்கம்பக்கத்தாரும் கன்னிமாடங்களும் மலைக் கிராமங்களும் ஒளித்துவைத்ததால்தான். அந்தப் புண்ணியத்தை முசோலினி கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கே: எங்கள் குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. தாத்தா பிறந்ததற்குக் காகிதம் இல்லாததால்தான் குடியுரிமை போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். யூதர்களிடமும் தாத்தா–பாட்டி காகிதம் கேட்டார்களாமே? — தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கூடலூர்

ப: கேட்டார்கள். ஆனால் உங்கள் பெரியவர்களிடம் கேட்டதற்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், தகப்பனார், அல்லது தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அந்த நாட்டில் பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. காட்ட முடியாத மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். ஜெர்மனியில் தாத்தா பிறந்த ஊர் எது என்பது பிரச்சினையே இல்லை. பல நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்த குடும்பமாக இருந்தாலும், தாத்தா–பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூத சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே கேள்வி.

அரசு வேலையில் தொடர நினைத்த ஜெர்மானியர் ஒருவர் தான் 'ஆரியர்' என்று நிரூபிக்க ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றுகள் (தனக்கு ஒன்று, பெற்றோருக்கு இரண்டு, தாத்தா–பாட்டிக்கு நான்கு), மூன்று திருமணச் சான்றுகள் திரட்ட வேண்டும். இதற்காகத் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிக் கொடுப்பதே பாதிரியார்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. 1935 செப்டம்பர் 15இல் நூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் அரசியல் உரிமையைப் பறித்தன. நவம்பர் 14இல் வந்த துணை ஆணை கணக்குச் சொன்னது: நால்வரில் மூவரோ நால்வருமோ யூதராயின் நீ யூதர், நீயே கிறிஸ்தவனாக ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், இருவராயின் 'முதல் தரக் கலப்பு', ஒருவராயின் 'இரண்டாம் தரக் கலப்பு'. 'ரத்தம்' என்று மேடையில் முழங்கியவர்களுக்கு ரத்தத்தில் எதையும் காட்ட முடியவில்லை. கடைசியில் தேவாலயக் காகிதத்தைத்தான் நம்பவேண்டியிருந்தது.

குடியுரிமை அடியோடு போனது 1941 நவம்பர் 25இல். வெளிநாட்டில் வசிக்கும் ஜெர்மன் யூதர் குடியுரிமை இழப்பார், அவர் சொத்து அரசுக்குச் சேரும் என்று அந்த ஆணை சொன்னது. கைது செய்து, ரயிலேற்றி, எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளினாலும் அது 'வெளிநாட்டில் வசிப்பது'தான். ரயிலேறும் முன் 16 பக்கச் சொத்து விவரப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும்: நாற்காலி எத்தனை, படுக்கை விரிப்பு எத்தனை, சட்டை எத்தனை. அவற்றையெல்லாம் வருமானவரி அலுவலகம் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்தவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு.

ஒப்பந்தப்படி உங்கள் குடும்பம் வந்து இறங்க ஓர் ஊர் இருந்தது. யூதர்களை அனுப்பிய இடத்தில் ஊர் இல்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டோம். ஆனாலும் காகிதம் இல்லாதவனை அரசு எப்படிப் பார்க்கும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த அளவு இந்த வரலாற்றைப் படிக்கும் பலருக்குத் தெரியாது. அவர்கள் சொல்வதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கே: 1933லேயே ஆபத்து தெரிந்துவிட்டதே, ஏன் தப்பி ஓடவில்லை? — கல்லூரி மாணவி, கொடைக்கானல்

ப: முதலில் ஒரு கணக்கு. கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் சுமார் 30 லட்சம் பேர் போலந்து யூதர்கள். சோவியத் பகுதிகளில் 10 லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கு 1933இல் ஓடவேண்டிய காரணமே இல்லை. ஜெர்மன் படை வந்து நின்றபோது ஓட வழி இல்லை. உக்ரைனின் கீவ் நகரம் வீழ்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் பாபி யார் பள்ளத்தில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றதாகக் கொலைப்படையே அறிக்கை எழுதியது.

ஜெர்மனியில் இருந்த சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் யூதர்களில் பாதிக்குமேல் வெளியேறிவிட்டார்கள். மற்றவர்களுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று உள்ளே: வெளியேறுகிறவர் சொத்தில் 25 சதவீதம் வெளியேற்ற வரி. மிச்சப் பணத்தைத் தனிக் கணக்கில் முடக்கி, வெளிநாட்டு நாணயமாக மாற்றும்போது பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். 1939 வாக்கில் நூற்றுக்கு நாலு ரூபாய் அளவுதான் கைக்கு வந்தது. ரொக்கமாக எடுத்துப்போகலாம் என்று விட்டது ஆளுக்கு 10 மார்க் (ஜெர்மன் நாணயம்). இரண்டாவது பூட்டு வெளியே: பணமில்லாதவருக்கு விசா தர எந்த நாட்டுக்கும் மனமில்லை. 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின. கணிசமான எண்ணிக்கையில் ஏற்பதாகச் சொன்னது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். அமெரிக்காவில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர் என்று வரம்பு. காத்திருப்புப் பட்டியல் பல ஆண்டு நீளம்.

விசாவுக்கு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். அமெரிக்க விசாவுக்கு அங்கே ஒருவர் பொறுப்புப் பத்திரம் தர வேண்டும். ஜெர்மன் போலீசாரின் நன்னடத்தைச் சான்று வேண்டும். வரி பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். கப்பல் சீட்டு வேண்டும். வழியில் இறங்கும் நாட்டுக்கும் விசா வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வேறு. கடைசிச் சான்று கைக்கு வரும்போது முதல் சான்று காலாவதியாகிவிடும். 1939 மே மாதம் செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பேர் கியூபாவரை போனார்கள். சிலரைத் தவிர யாரையும் இறங்கவிடவில்லை. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் இருந்தவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். 1941 அக்டோபரில் ஜெர்மனி வெளியேறுவதையே தடைசெய்தது.

இந்தியாவுக்கும் சிலர் வந்தார்கள். பம்பாயில் 1934இல் தொடங்கிய யூத நிவாரணச் சங்கம் வந்தவர்களுக்காகப் பொறுப்பேற்றது. இசையமைப்பாளர் வால்டர் காஃப்மனும் பம்பாய் வந்தவர்தான். அகில இந்திய வானொலியின் அடையாள இசை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை எதிரி நாட்டார் என்று பிடித்து அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். விசாரித்துப் பின்னர் பலரை விடுவித்தார்கள்.

கே: யூதர்களுக்குக் காந்தியடிகள் என்ன சொன்னார்? — குன்னூர் வாசகர்

ப: 1938 நவம்பர் 26 'ஹரிஜன்' இதழில் எழுதினார். தம் அனுதாபம் முழுவதும் யூதர்கள் பக்கம் என்றார். ஜெர்மனியில் அவர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரியில் விரிவான பதில் எழுதினார். சாட்சியாக யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒருவன் செத்தால் அந்தத் தியாகம் யார் நெஞ்சைத் தொடும் என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் கருத்தில் பூபர் சொன்னதே சரி. எதிராளியிடம் கொஞ்சம் வெட்கம், அதைப் பார்க்க உலகம் என்ற இரண்டும் இருக்கும் இடத்தில் வேலை செய்யும் கருவி சத்தியாக்கிரகம்.

கே: பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த மரப்பெட்டியில் ஜெர்மன் பாஸ்போர்ட் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் சிவப்பாகப் பெரிய 'ஜே' எழுத்து. பூஞ்சணம் பிடித்திருக்கிறது. துடைத்து லேமினேட் செய்யலாமா? — பழைய பொருள் வியாபாரி, ஊட்டி

ப: லேமினேட் வேண்டவே வேண்டாம். சூடும் பிளாஸ்டிக்கும் ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அந்த எழுத்து 'யூதர்' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. 1938 அக்டோபர் 5இல் யூதர்களின் பாஸ்போர்ட் எல்லாம் செல்லாது என்று அறிவித்து, இந்த முத்திரை குத்தியபின்தான் திருப்பித் தந்தார்கள். பெயரைப் பாருங்கள். பெண்ணானால் நடுவில் 'சாரா', ஆணானால் 'இஸ்ரயேல்' என்று இருக்கிறதா? யூதப் பெயர் என்று அரசு ஏற்ற பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் 1939 ஜனவரி 1 முதல் இந்தக் கூடுதல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படி இருந்தால் அது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஆவணக் காப்பகத்தில் தேடும்போது அதை விட்டுவிட்டும் தேடுங்கள். கடைசிப் பக்கங்களில் வாங்கிய அந்நியச் செலாவணி எவ்வளவு, எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எந்த நாடுகளின் விசா என்பதெல்லாம் இருக்கும். வெறும் தாள் என்று நினைத்து ஒரு பக்கத்தையும் விடாதீர்கள்.

முதலில் ஈரம் போக வேண்டும். ஊட்டி மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் பனிமூட்டம் உள்ளே வரும், அது உதவாது. அடுப்பு இல்லாத உலர்ந்த அறையில், மேசைமேல் வெள்ளைத் தாள் விரித்து, பாஸ்போர்ட்டை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் மை வெளுக்கும். ஹேர் டிரையர் காட்டினால் தாள் நெளியும். பூஞ்சணம் மாவுபோல் காய்ந்தபிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். ஈரத் துணி, ஸ்பிரிட், டெட்டால் எதுவும் கூடாது. துருப்பிடித்த கம்பியை நெம்பாதீர்கள். புகைப்படம் பிடித்துவைத்திருக்கும் பித்தளைக் கண்ணியையும் தொடாதீர்கள்.

காய்ந்ததும் அட்டை உட்பட எல்லாப் பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அமிலமற்ற தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்றவேண்டும் என்பது தெரியும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வேண்டாம். மலைவீட்டு வெளிச்சுவர் வியர்க்கும். ரப்பர் பேண்ட், செல்லோடேப், நாப்தலின் உருண்டை மூன்றும் வேண்டாம்.

பெயரும் பிறந்த தேதியும் தெரிந்துவிட்டால் ஜெர்மனியின் ஆரோல்சென் ஆவணக் காப்பகத்திலும் ஜெருசலேமின் யாத் வஷேம் பெயர்த் தரவகத்திலும் இணையத்தில் காசில்லாமல் தேடலாம். அந்தக் குடும்பத்தில் யாராவது உயிரோடு இருக்கலாம். முழுப் பக்கத்தையும் முகநூலில் போடுவதற்குமுன் அந்த நிறுவனங்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஏலத்தில் நல்ல விலை போகும் என்று சொல்லிக்கொண்டு ஆள் வருவார்கள். குடும்பத்தைத் தேடும்வரை கொடுக்காதீர்கள்.

கே: டென்மார்க் தன் யூதர்களைக் காப்பாற்றியது, ஹாலந்தால் முடியவில்லை. மனிதர்கள் வேறா? — முன்னாள் படைவீரர், வெலிங்டன்

ப: ஐயா, மனிதர்களைவிட நிர்வாகத்தில்தான் வேறுபாடு அதிகம். நெதர்லாந்தில் (ஹாலந்தில்) இருந்த சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் யூதர்களில் 1 லட்சத்து 2 ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். 1941 ஜனவரியில் ஜெர்மன் ஆக்கிரமிப்பாளர்கள் யூதர்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து பழகிய மக்கள், ஏறத்தாழ எல்லோரும் போய்ப் பதிந்தார்கள். கள்ள அட்டை தயாரிப்பதே பெரும்பாடு என்னும் அளவுக்கு நேர்த்தியான அடையாள அட்டையை வடிவமைத்தவர் யாக்கோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி. வேலையில் அவ்வளவு அக்கறை! ஆம்ஸ்டர்டாமில் எந்தத் தெருவில் எத்தனை யூதர் என்று புள்ளி வைத்த வரைபடமே நகராட்சி ஊழியர்கள் தயாரித்தார்கள்.

இதைப் புரிந்துகொண்ட எதிர்ப்பாளர்கள் சிலர் 1943 மார்ச் 27 இரவில் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் போனார்கள். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே தூக்கிவைத்தார்கள். கோப்புகளைத் தரையில் கொட்டித் தீ வைத்தார்கள். நெருக்கி அடுக்கிய தாள் சட்டென்று எரியாது, அதனால்தான் முதலில் கொட்டினார்கள். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே மெதுவாக வந்து, தேவைக்குமேல் தண்ணீர் பீய்ச்சி, எரியாததை ஊறவைத்தார்கள். அப்படியும் அழிந்தது ஒரு பகுதிதான். அடையாள அட்டைகளின் நகல் ஹேக் நகரில் இருந்தது. அதைப் பிரிட்டிஷ் விமானங்கள் 1944 ஏப்ரலில்தான் குண்டு போட்டு அழித்தன. தீ வைத்தவர்களில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

டென்மார்க்கில் 1943 வரை சொந்த அரசு இயங்கியது; யூதர்களைத் தனியாகப் பதியவும் இல்லை, யூதர் என்று காட்டும் நட்சத்திரத்தை அணிவிக்கவும் இல்லை. பிடிக்கப்போகும் தேதியை டுக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரியே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அக்டோபரில் சுமார் 7,200 பேர் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். கடல் குறுகியது, எதிர்க்கரை நடுநிலை நாடு. அந்த வசதி ஹாலந்துக்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பல்கேரியாவில் 1943 மார்ச்சில் யூதர்களை ஏற்ற ரயில் பெட்டிகள் வந்து நின்றுவிட்டன. நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமித்தர் பெஷெவ் 43 உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினார். பிஷப்புகள் ஸ்தெஃபானும் கிரிலும் எதிர்த்தார்கள். சுமார் 48,000 பேர் பிழைத்தார்கள். ஆனால் பல்கேரியா ஆக்கிரமித்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளின் 11,343 யூதர்களுக்காகப் பேச ஆளில்லை. பல்கேரியப் போலீசே அவர்களைப் பிடித்து ஒப்படைத்தது. குடியுரிமை கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

இதற்கு நேர்மாறு ஹங்கேரி. 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டு வாரத்தில் சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் பேரை ரயிலேற்றினார்கள். யூதர்களை ரயிலேற்றும் பொறுப்பிலிருந்த எஸ்.எஸ். அதிகாரி ஐஷ்மனோடு வந்த ஜெர்மானியர்கள் சில நூறுபேர்கூட இல்லை. பிடித்து, அடைத்து, ஏற்றியவர்கள் ஹங்கேரியக் காவல்படையினர். படைவீரரான உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை: உள்ளூர் ஆள் வழிகாட்டாமல் எந்தப் படையும் தெரியாத ஊரில் வீடு வீடாகப் போக முடியாது.

கே: '60 லட்சம் என்பது போருக்குப்பின் ஜோடித்த எண்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எப்படிப் பதில் சொல்வது? — பட்டப்படிப்பு மாணவர், தாண்டிக்குடி

ப: தம்பி, கொலைகாரர்களே எழுதிய ஒரு தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஜனவரி 11இல் லுப்ளின் நகரிலிருந்து ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பியது. பிரிட்டிஷ் உளவுத்துறை அதை இடைமறித்து எடுத்தும், என்னவென்று புரியாமல் கோப்பில் போட்டுவிட்டது. அரை நூற்றாண்டு கழித்துத்தான் வரலாற்றாய்வாளர்கள் கண்ணில் பட்டது. அதில் நாலு எழுத்து, நாலு எண், 1942 இறுதிவரை முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் மொத்தம்: எல் 24,733, பி 434,508, எஸ் 101,370, டி 71,355, கூட்டுத்தொகை 1,274,166. எல் என்பது லுப்ளின் மைதானெக், பி பெல்ஸெக், எஸ் சோபிபோர், டி திரெப்ளிங்கா.

காகிதம் எடுத்துக் கூட்டிப் பாருங்கள், கூட்டுத்தொகை வராது. டி எண்ணில் ஓர் 'ஐந்து' விட்டுப்போயிருக்கிறது. 713,555 என்று வைத்தால் அச்சாக வரும். அதே 1,274,166 என்ற எண், அதே ஆண்டு எஸ்.எஸ். புள்ளியியலாளர் ரிச்சர்ட் கோர்ஹெர் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்குத் தயாரித்த அறிக்கையிலும் இருக்கிறது. ஜோடித்தவன் இப்படித் தட்டச்சுப் பிழையோடு ஒரு தந்தியை எதிரி நாட்டுக் கோப்பில் ஒளித்துவைத்திருக்க மாட்டான். நாலு முகாம், 1942 முடிய மட்டும் ஏறத்தாழ 12 லட்சத்து 74 ஆயிரம் பேர். இதில் ஆஷ்விட்ஸ் இல்லை, சுட்டுக் கொன்றவர்கள் இல்லை, கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) பட்டினியில் செத்தவர்கள் இல்லை.

60 லட்சம் என்ற எண் ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்குகள், ரயில் பட்டியல்கள், கொலைப்படை அறிக்கைகள் என்று நாடுவாரியாகக் கூட்டிப் பெற்றது. யாத் வஷேம் தனித்தனிப் பெயராகவே 48 லட்சத்துக்கும் மேல் திரட்டியிருக்கிறது. வார்சா கெட்டோவுக்குள் இமானுவேல் ரிங்கெல்ப்ளும் தலைமையில் ரகசியமாகச் சேர்த்த காகிதங்களைத் தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் அடைத்து நிலத்தில் புதைத்தார்கள். 1946இலும் 1950இலும் தோண்டி எடுத்தார்கள். தகரப் பெட்டியில் நீர் புகுந்து தாள் சேதமாகியிருந்தது, மூடி இறுகிய பால் கேனில் நன்றாக இருந்தது.

குழுவில் நூறு பேர் முன்னால் சண்டை போடாதீர்கள். செய்தியை அனுப்பியவருக்குத் தனியாக இந்த நாலு எண்ணையும் அனுப்பி, கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இந்தப் பாடம் சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. இரண்டு பீரியட்தான் கிடைக்கும். எப்படி நடத்தலாம்? — ஆசிரியை, குன்னூர்

ப: பிணக்குவியல் படத்தோடு தொடங்காதீர்கள், டீச்சர். பிள்ளைகள் சில நிமிடம் உறைந்துபோவார்கள், பிறகு எதுவும் ஏறாது. 'நீ யூதர், நீ நாஜி' என்று நாடகம் போடவும் வேண்டாம்; ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும், இன்னொரு பிள்ளைக்கு அதிகாரம் பிடித்துப்போகும்.

முதல் பீரியடுக்கு மேலே சொன்ன ரோம் சீட்டின் ஆறு வரியைக் கரும்பலகையில் எழுதுங்கள். யார் எழுதியது என்று சொல்லாதீர்கள். 'இதை வாங்கியவர் எங்கே போவதாக நினைத்திருப்பார்? தம்ளர் ஏன்? சாவி ஏன்?' என்று கேட்டுப் பேசவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், 16 பேர் திரும்பியதையும் சேர்த்து.

இரண்டாவது பீரியடுக்குத் துண்டுத் தாளில் எட்டு நிகழ்ச்சிகள், தேதி இல்லாமல்: பள்ளியிலிருந்து நீக்கம், தனிக் கணக்கெடுப்பு, ரேடியோ தடை, கைது போன்றவை. இத்தாலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியைக் கலந்தால் வரிசை குழம்பும். ஐந்தைந்து பேராக அடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் பள்ளி நீக்கத்தை முதலில் வைக்கும். கணக்கெடுப்பு அதற்கு இரண்டு வாரம் முந்தியது. பெயர் கையில் இல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து யாரை நீக்குவது என்று கேளுங்கள்.

'ஏன் யூதர்களை?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இயேசுவைக் கொன்றவர்கள் என்று ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூற்றாண்டு சொல்லிவந்த பழி, வட்டிக்கடைக்காரர் என்ற வசை, 1918 போர்த் தோல்விக்கு அவர்கள்தான் காரணம் என்ற பொய் எல்லாம் சேர்ந்தது என்று சொல்லுங்கள். பொய் என்பதற்குச் சான்றும் சொல்லுங்கள்: அந்தப் போரில் சுமார் ஒரு லட்சம் ஜெர்மன் யூதர்கள் ராணுவத்தில் இருந்தார்கள், சுமார் 12,000 பேர் செத்தார்கள். 1933இல் ஜெர்மன் மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. யூதர்கள் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து பதிலைத் தொடங்காதீர்கள், அது பழி சொன்னவர்கள் போட்ட பாதை.

வீட்டுப்பாடமாகப் படம் வரையச் சொன்னால் எல்லோரும் ஸ்வஸ்திகாதான் வரைந்துகொண்டு வருவார்கள். அதற்குப் பதிலாக ரோம் சீட்டின் ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதில் எது உண்மை, எது பொய், ஏன் என்று பத்து வரி எழுதிவரச் சொல்லுங்கள்.